ஐசியூவா, பாலியேட்டிவ் கேரா, காயப் பராமரிப்பா? நர்சிங் விருப்பப் பாடங்கள் ஓர் ஒப்பீடு

நர்சிங் பட்டப்படிப்பில் விருப்பப் பாடத்துக்கு ஒதுக்கும் மணிநேரம் சொற்பம். அதை எதில் செலவிடுவது என்று கேட்டால் பெரும்பாலான மாணவர்கள் தீவிர சிகிச்சையைத்தான் சொல்வார்கள். வென்டிலேட்டர் தெரியும் என்றால் நேர்காணலில் எடுபடும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. ஐசியூவில் வேலைக்குச் சேரும் புதியவரை அந்தப் பிரிவே பெரும்பாலும் அடிப்படையிலிருந்து பயிற்றுவித்து, மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில்தான் நோயாளியை ஒப்படைக்கும். பொது வார்டில் சேர்பவரை உட்கார வைத்து மார்ஃபின் மாற்றுக் கணக்கையோ (வாய்வழி டோஸை ஊசி டோஸாக மாற்றுவது) ஸ்டோமா (கழிவு வெளியேற வயிற்றில் திறந்துவிட்ட குடல் வாய்) பை பொருத்துவதையோ சொல்லித்தருவது அரிது. ஆனால் அந்த நோயாளிகள் எல்லா வார்டிலும் இருக்கிறார்கள். பாடத்தின் பெயரைவிட இந்த இடைவெளியைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே லாபம். இந்த அலசலின் அளவுகோலும் அதுதான்.

தீவிர சிகிச்சை

நன்றாக நடத்தினால் இந்தப் பாடம் இரண்டு விஷயங்களை ஆழமாகப் பதிய வைக்கும்: அளவீட்டைச் சந்தேகிப்பது, மருந்தின் வேகத்தைக் கணக்கிடுவது.

தமனிக்குள் செருகி ரத்த அழுத்தத்தை இடைவிடாது அளக்கும் மெல்லிய குழாயை எடுத்துக்கொள்வோம். அதன் டிரான்ஸ்டியூசர் (அழுத்தத்தை மின்குறியாக மாற்றும் உணரி) நான்காம் விலா இடைவெளியும் நடு அக்குள் கோடும் சந்திக்கும் மட்டத்தில் இருக்க வேண்டும். அதற்கு 10 செ.மீ. கீழே தொங்கினால் திரையில் அழுத்தம் சுமார் 7 மி.மீ. பாதரசம் கூடுதலாகத் தெரியும். உண்மையான சராசரி அழுத்தம் 58 ஆக இருக்க, திரை 65 என்று காட்டும். இலக்கு எட்டிவிட்டது என்று எல்லோரும் நகர்ந்துவிடுவார்கள். நோயாளியின் சிறுநீரின் அளவு மட்டும் குறைந்துகொண்டே போகும். படுக்கையை உயர்த்திவிட்டு டிரான்ஸ்டியூசரை உயர்த்த மறப்பதுதான் வழக்கமான காரணம்.

மருந்துக் கணக்கு: 50 மி.லி.யில் 4 மி.கி. நார்அட்ரீனலின் (ரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்து) என்றால் ஒரு மி.லி.யில் 80 மைக்ரோகிராம். 60 கிலோ நோயாளிக்கு நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம் வேண்டும் என்றால் நிமிடத்துக்கு 6, மணிக்கு 360 மைக்ரோகிராம். 80ஆல் வகுத்தால் மணிக்கு 4.5 மி.லி. பம்பே கணக்குப் போடுமே என்பார்கள். போடும், தவறான செறிவைக் கொடுத்தால் தவறான விடையையும் அதே துல்லியத்தோடு போடும்.

இவற்றோடு, மூச்சுக்குழாய்க் கஃப் (செருகிய குழாயைச் சுற்றி ஊதப்படும் பலூன்) அழுத்தத்தை 20 முதல் 30 செ.மீ. நீர் அழுத்தத்துக்குள் வைத்திருப்பது, தலைப்பகுதியை 30 முதல் 45 பாகை உயர்த்தி வைப்பது, ரத்த வாயு அறிக்கையைப் படிப்பது ஆகியவையும் சேரும். கஃப் அழுத்தம் 20க்குக் கீழே போனால் தொண்டைச் சுரப்பு நுரையீரலுக்குள் கசியும். 30ஐத் தாண்டினால் குழாய்ச் சுவரின் ரத்த ஓட்டம் நெரிபடும்.

குறை என்னவென்றால், இந்த மருந்துக் குழாய்களையும் வென்டிலேட்டர் அமைப்புகளையும் மாணவரைத் தொட விடுவதில்லை, விடவும் கூடாது. ஆகவே சிமுலேஷன் ஆய்வகம் (பொம்மை நோயாளியில் பழகும் இடம்) இல்லாத கல்லூரியில் இந்தப் பாடம் மானிட்டரை வேடிக்கை பார்ப்பதோடு முடிந்துவிடும். ஆய்வகம் இருந்து, மாணவர் தம் கையால் டிரான்ஸ்டியூசரைச் சுழியாக்கி, அலாரத்துக்குக் காரணம் தேடும் பயிற்சியும் இருந்தால் மட்டுமே எடுக்கத் தகும்.

பாலியேட்டிவ் கேர்

கடும் நோயின் வலியையும் வேதனையையும் தணிக்கும் பராமரிப்பு இது. இதை மரணப் படுக்கைப் பாடம் என்று ஒதுக்குபவர்கள் அதிகம். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், செவிலியராகப் பயிற்சி பெற்றுப் பின்னர் மருத்துவரானவர். வலி என்பது உடல், மனம், குடும்பம், நம்பிக்கை எல்லாம் சேர்ந்த ஒன்று என்பது அவர் பார்வை. அந்தப் பார்வையை வாய்ப்பாடாகச் சொல்லி நிறுத்திவிடும் வகுப்புகளும் உண்டு. கருணையைப் பற்றிய சொற்பொழிவுகளே பாடத்திட்டம் முழுக்க இருந்தால் தள்ளிவிடலாம். நல்ல பாடத்தில் கணக்கு இருக்கும்.

நான்கு மணிக்கு ஒருமுறை 10 மி.கி. வாய்வழி மார்ஃபின் எடுப்பவருக்கு ஒரு நாள் மொத்தம் 60 மி.கி. இடையில் வலி வெடித்தால் தரும் கூடுதல் டோஸ் அந்த மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 10 மி.கி. அந்தக் கூடுதல் டோஸ் அடிக்கடி தேவைப்பட்டால் வழக்கமான டோஸ் போதவில்லை என்று பொருள். விழுங்க முடியாமல் போய்த் தோலடி ஊசிக்கு மாற்றும்போது, மருத்துவமனை நெறிமுறையைப் பொறுத்து நாள் மொத்தத்தில் பாதியோ மூன்றில் ஒரு பங்கோ போதும். 60ஐ அப்படியே ஊசியில் ஏற்றினால் நோயாளி மயங்கிக் கிடப்பார். எழுதுவது மருத்துவர்தான், ஆனால் ஊசியைக் கையில் வைத்திருக்கும் செவிலியர்தான் தவறைப் பிடிக்கும் கடைசி ஆள்.

வார்டில் அதிகம் தவறும் இடங்கள் மூன்று. மார்ஃபினோடு மலமிளக்கி தொடங்காமல் விடுவது முதலாவது. குமட்டல் சில நாளில் பழகிவிடும், மலச்சிக்கல் பழகாது. சிறுநீரகம் பழுதானவருக்கு அதே டோஸைத் தொடர்வது அடுத்தது. மார்ஃபினின் கழிவுப் பொருள்கள் உடலில் தேங்கி, தசைகள் திடீர் திடீரென்று துள்ளும், குழப்பம் வரும். அதை வலி என்று நினைத்து இன்னும் மார்ஃபின் கொடுத்தால் நிலைமை மோசமாகும். மூன்றாவது, அடிமையாகிவிடுவார் என்ற பயத்தில் டோஸைத் தள்ளிப்போடுவது.

கெட்ட செய்தி சொல்லும் பயிற்சியும் இங்கே கிடைக்கும். ஸ்பைக்ஸ் என்ற ஆறு படி முறையைப் பல இடங்களில் கற்பிக்கிறார்கள்: இடத்தைத் தயார் செய்தல், நோயாளிக்கு என்ன தெரியும் என்று கேட்டல், எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று கேட்டல், செய்தியைச் சொல்லல், உணர்வுக்கு இடம் தரல், அடுத்த நடவடிக்கையைப் பேசல். நோயறிதலை முதலில் சொல்வது மருத்துவரின் வேலைதான். ஆனால் அவர் போன பிறகு “டாக்டர் என்ன சொல்லிட்டுப் போனாரு சிஸ்டர்?” என்ற கேள்வி உங்களிடம்தான் வரும். ஒருவர் நோயாளியாக, ஒருவர் செவிலியராக நடித்துப் பழகும் வகுப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

காயம், ஸ்டோமா

கவர்ச்சியே இல்லாத பெயர். கைவேலை மிக அதிகம். சில வாரப் பயிற்சியிலேயே தெளிவாகத் தேறக்கூடியது இதுதான்.

கால் சிரைப் புண்ணுக்கு இறுக்கக் கட்டுப் போடும் முன் கணுக்கால்-புய அழுத்த விகிதம் பார்க்க வேண்டும். டாப்ளர் (ரத்த ஓட்டத்தை ஒலியால் கண்டறியும் கருவி) கொண்டு அந்தக் காலின் கணுக்காலில் கிடைக்கும் உயர்ந்த அளவை, இரு கைகளில் கிடைக்கும் உயர்ந்த அளவால் வகுப்பது. கணுக்காலில் 90, கையில் 130 என்றால் 0.69. 0.8க்குக் கீழே முழு அழுத்தக் கட்டுக் கூடாது. ஏற்கெனவே குறைந்த ரத்த ஓட்டத்தைக் கட்டு மேலும் நெரிக்கும். 1.3க்கு மேல் வந்தால் நல்ல ஓட்டம் என்று எண்ணிவிடக் கூடாது. நீரிழிவு நோயாளிகளில் தமனிச் சுவர் சுண்ணம் படிந்து இறுகி, அழுத்தத்தைப் பொய்யாக உயர்த்திக் காட்டும்.

ஸ்டோமா தட்டின் துளையை ஸ்டோமாவைவிட 2 முதல் 3 மி.மீ. மட்டும் பெரிதாக வெட்ட வேண்டும். பெரிதாக வெட்டினால் சிறுகுடல் ஸ்டோமாவின் செரிமான நொதிகள் சுற்றுத் தோலை அரித்துவிடும். அரித்த ஈரத் தோலில் தட்டு ஒட்டாது. ஒட்டாததால் இன்னும் கசியும். அறுவைக்குப் பின் முதல் ஆறு முதல் எட்டு வாரங்களில் ஸ்டோமா சுருங்கும் என்பதால் ஒவ்வொரு மாற்றத்திலும் அளக்க வேண்டும். முதல் நாள் வெட்டிய அச்சையே வைத்துத் தொடர்ந்து வெட்டுவதுதான் பல கசிவுகளுக்கு மூலம்.

அழுத்தப் புண்ணில் மாணவர்கள் வழுக்கும் இடம் ஒன்று: நான்காம் நிலைப் புண் (தசை, எலும்பு வரை போன மிக ஆழமான நிலை) ஆறும்போது மூன்றாம் நிலை ஆகாது. இழந்த தசை மீண்டும் வளர்வதில்லை, வடுத் திசுதான் நிரப்புகிறது. எனவே ‘ஆறிவரும் நான்காம் நிலை’ என்றே எழுத வேண்டும்.

அறுவை அரங்கமும் இன்ஃபார்மேட்டிக்ஸும்

அரங்கப் பாடம் அந்த வேலைக்கே போக நினைப்பவருக்குத் தவிர மற்றவருக்குப் பரிந்துரைக்க மாட்டோம். உலக சுகாதார நிறுவனத்தின் 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியல், பஞ்சுகளையும் கருவிகளையும் இருவர் சேர்ந்து எண்ணுவது, ஆல்கஹால் கலந்த தோல் கிருமிநாசினி குறைந்தது 3 நிமிடம் உலர்ந்த பிறகே மின்கத்தியை எடுப்பது (இல்லையேல் தீப்பிடிக்கும்) எல்லாம் முக்கியமானவைதான். ஆனால் பயிற்சி நேரத்தின் பெரும்பகுதி சுவரோரம் நிற்பதிலேயே கழியும். ஸ்க்ரப் ஆகி (கை கழுவிக் கிருமி நீக்கிய உடை அணிந்து) மேசையருகே நிற்க அனுமதி உண்டா என்பதை முதலில் கேளுங்கள்.

இன்ஃபார்மேட்டிக்ஸ் (நோயாளித் தகவலைக் கணினியில் பதிந்து பயன்படுத்துவது) நினைப்பதைவிடப் பயனுள்ளது, மென்பொருள் பொத்தான்களை மட்டும் கற்றுத்தராத வரை. நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே காட்டும் நியூஸ் 2 மதிப்பெண்ணில் நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சுக்கு 0, 25 அல்லது அதற்கு மேல் 3. மூச்சை எண்ணாமல் பழக்கத்தில் 18 என்று பதிந்தால், உண்மையில் 26 இருந்த நோயாளியின் மொத்தத்திலிருந்து 3 புள்ளிகள் மறைந்துபோகும், கணினி எச்சரிக்காது. முந்தைய பணிநேரக் குறிப்பை நகலெடுத்து ஒட்டுவது, பார்கோடை நோயாளியின் மணிக்கட்டில் ஸ்கேன் செய்யாமல் மேசையில் வைத்த பிரதியில் செய்வது போன்ற குறுக்கு வழிகள் ஏன் உருவாகின்றன என்று அலசும் பாடமானால் எடுக்கலாம்.

எதை எதோடு

இரண்டு விருப்பப் பாடம் எடுக்க முடிந்தால் பாலியேட்டிவ் கேரும் காயப் பராமரிப்பும் எங்கள் தேர்வு. ஒன்றுதான் என்றால், ஐசியூ வேலை உறுதியாக வேண்டுமென்று இருந்து, கல்லூரியில் சிமுலேஷன் ஆய்வகமும் இருந்தால் தீவிர சிகிச்சை. மற்றபடி பாலியேட்டிவ் கேர். மருந்தியல் முடிக்காத பருவத்தில் இவ்விரண்டையும் எடுக்க வேண்டாம். காயப் பராமரிப்பை அப்போதே எடுக்கலாம்.

பதிவு செய்யும் முன் பாடத்தின் செய்முறைப் பதிவேட்டை வாங்கிப் பாருங்கள். ‘பார்த்தது’, ‘உதவியது’, ‘செய்தது’ என்று மூன்று பத்தி இருந்தால், மூன்றாம் பத்தியில் குறைந்தபட்ச எண்ணிக்கை எழுதியிருக்கிறதா? ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்? மதிப்பெண் ஒப்படைப்புக் கட்டுரைக்கா, நேரடிச் செய்முறைத் தேர்வுக்கா? மூன்றாம் பத்தி காலியாக இருந்து, மதிப்பெண் முழுவதும் கட்டுரைக்கே என்றால், பதிவு மாற்றும் கடைசி நாளுக்குள் வேறு பாடத்துக்கு மாறிவிடுங்கள்.