டெபியன் பிரீசீட்: குடோன் கம்ப்யூட்டர்களுக்குப் போட்டுப் பார்த்ததில்

திருப்பூர்ல பனியன் கம்பெனி ஆபீஸ், நூல் குடோன் கம்ப்யூட்டர்களுக்கு லினக்ஸ் ஏத்திக் கொடுக்கறது என் பொழப்புங்க. டெபியன் 12-ங்கற லினக்ஸுக்கு பிரீசீட் ஃபைல்தான் வெச்சிருக்கேன். இன்ஸ்டாலர் கேக்கற கேள்விக்கெல்லாம் பதிலை முன்னாடியே எழுதி வெச்சுட்டா, அதுபாட்டுக்கு முடிச்சிரும். மொழி, நேரம், பார்ட்டிஷன் எல்லாம் சுலபம். அருமைன்னு சொல்ல வர்றது, மெஷினைப் போட்டதும் லினக்ஸைக் கிளப்பிவிடற க்ரப்பையும் யூசர் உரிமையையும் தான்.

இங்க பாதி மெஷின் செகண்ட் ஹேண்டுங்க. சில மதர்போர்டுல பேட்டரி செத்துட்டா, கரண்டு போய் வந்ததும் எதுல இருந்து கிளம்போணும்ங்கற பூட் என்ட்ரியை மறந்துரும். 'ஃபோர்ஸ் ஈஎஃப்ஐ எக்ஸ்ட்ரா ரிமூவபிள்'ங்கற க்ரப் வரிக்கு ட்ரூ கொடுத்துட்டா, போர்டு தானாத் தேடற பொது இடத்துலயும் க்ரப் ஒரு காப்பி உக்காந்துக்கும். என்ட்ரி போனாலும் மெஷின் எந்திரிச்சிரும். இந்த ஒரு வரிக்காகவே பிரீசீட்டைக் கும்பிடலாம்.

அடுத்து யூசர். ரூட்ங்கற முழு அதிகார லாகின் வேண்டாம்னு சொன்னா, முதல்ல உருவாகற யூசருக்கு சூடோ, அதாவது ரூட் வேலையைச் செய்யற உரிமை, போயிருது. அதனால முதல் யூசரை சர்வீஸுக்குன்னு வெச்சுட்டு, குடோன் பசங்க யூசரை, இன்ஸ்டால் முடியற நேரத்துல ஓடற லேட் கமாண்டுல சேர்க்கோணும். நூல் மூட்டை எடை போடற தராசு சீரியல் கேபிள்ல வருது. அந்த யூசர், சீரியல் போர்ட்டைத் தொட விடற டயல்அவுட் குரூப்புல இல்லைன்னா, "ஏனுங்ணா, தராசுல எடை காட்டுது, கம்ப்யூட்டர்ல வரமாட்டேங்குதுங்களே"ன்னு போன் வரும். சூடோ முழுசாக் கொடுத்து இதைச் சரி பண்றவங்களைப் பார்த்தா எனக்கு மனசு ஒப்பாதுங்க. குரூப் ஒண்ணு போதும்.

குறைன்னா, லேட் கமாண்டுதான். எல்லாத்தையும் ஒரே கமாண்டா அடைக்கோணும். செமிகோலன் போட்டுக் கோத்தா, நடுவுல ஒண்ணு தவறினாலும் சத்தமில்லாமத் தாண்டிரும். ரெட்டை ஆம்பர்சண்ட் போடுங்க, தப்புன்னா இன்ஸ்டாலரே நின்னு சொல்லும். சூடோ உரிமையை எழுதி வெக்கற இடம் சூடோயர்ஸ் டாட் டி ஃபோல்டர்; அதுல வெக்கற ஃபைல் பேருல புள்ளி இருந்தா சூடோ அதைப் படிக்கவே படிக்காது. அந்த ஃபைலோட உரிமை 0440, அதாவது ஓனரும் குரூப்பும் படிக்க மட்டும், இருக்கட்டும்.

பாஸ்வேர்டை mkpasswd-ங்கற கமாண்டுல ஹேஷ் பண்ணி, அதாவது படிச்சா புரியாத எழுத்தா மாத்தித்தான் பிரீசீட்ல எழுதோணும், ஏன்னா அந்த ஃபைல் இருக்கற பென் டிரைவ் நாலு கை மாறும். ஒத்தை மெஷினுக்கு இத்தனை மெனக்கெட வேண்டாங்க, கையாலயே போட்டுக்கலாம்.