பதிவே இல்லாத மண்ணுக்கு எந்த நில அதிர்வு மாதிரியை நம்புவது?

சென்னையிலோ கோவையிலோ ஒரு பாலத்துக்கு நில அதிர்வுக் கணக்குப் போட உட்கார்ந்தால் முதலில் இடிப்பது ஒன்றுதான்: பெரிய அதிர்வில் நிலம் எப்படி ஆடியது என்று கருவி எழுதிய பதிவு கிடையாது. தீபகற்ப இந்தியாவில் ஒரு பெரிய அதிர்வு கருவிக்குப் பக்கத்திலேயே வந்தது என்றால் உடனே நினைவுக்கு வருவது 1967 டிசம்பர் 11, மகாராஷ்டிரத்தின் கொய்னா. அணையிலேயே கருவி இருந்ததால் 0.63 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.63 பங்கு) முடுக்கம் பதிவானது. 1993இல் அதே மாநிலத்தின் கில்லாரியில் ஏறக்குறைய 10,000 பேர் இறந்தார்கள், அங்கே அப்படி ஒரு பதிவு இல்லை. 2001 பூஜ் அதிர்வுக்கே அகமதாபாத்தில், 200 கி.மீ.க்கும் அப்பால், ஒரு கட்டடத்தின் தரைத்தளத்தில் கிடைத்த பதிவைத்தான் எல்லோரும் எடுத்து ஆராய்ந்தார்கள்.

பதிவு இல்லை என்றதும் நம் கல்லூரித் திட்டப்பணிகளில் பாதிப்பேர் செய்வது 1940 எல் சென்ட்ரோ பதிவை எடுத்து, உச்ச முடுக்கத்தை மட்டும் பெருக்கிச் சுருக்கிப் போடுவது. இதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். கலிஃபோர்னியாவில், அதிர்வைத் தந்த நிலப்பிளவுக்குப் பக்கத்தில், ஆழமான வண்டலில் எழுதப்பட்ட பதிவு அது. உச்சத்தைக் குறைத்தாலும் அதிர்வெண் சேர்க்கை அந்த மண்ணுடையதாகவே இருக்கும்.

அடுத்த வழி ரெக்ரஷன் சமன்பாடு, அதாவது பழைய பதிவுகளுக்குப் பொருத்தி எடுத்த சூத்திரம். அதிர்வின் அளவு (மேக்னிட்யூட்), தூரம், மண்ணின் இறுக்கம் ஆகியவற்றைக் கொடுத்தால் முடுக்கம் வரும். 2014இல் பெர்க்லியிலிருந்து வந்த என்ஜிஏ வெஸ்ட் 2 என்ற சமன்பாட்டுத் தொகுப்பின் பின்னால் 21,000க்கும் மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. அந்த உழைப்புக்கு ஈடே இல்லை. ஆனால் அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் சிக்கல். அங்கே பூமியின் மேலோடு இளசு, நொறுங்கியது, அலை சீக்கிரம் தேய்ந்துவிடும். நம் தீபகற்பம் பழைய கெட்டிப் பாறை, அலை வெகுதூரம் ஓடும். 100, 150 கி.மீ. தாண்டினால் இறக்குமதிச் சமன்பாடு குறைத்தே சொல்லும். இன்னொன்று, சமன்பாடு தருவது நடுமதிப்பு மட்டுமல்ல, சிதறலும் சேர்த்துத்தான், அதைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. சிதறலை அளக்கும் சிக்மா 0.6 என்றால் (இயல் லாகரிதத்தில்) நடுமதிப்பு 0.10 ஜி வருகிற இடத்தில் ஆறில் ஒரு வாய்ப்பு 0.18 ஜியைத் தாண்டுவதற்கு இருக்கிறது. அந்த ஆறில் ஒன்றை விட்டுவிட்டு வடிவமைப்பதைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது.

எனக்குத் தென்னிந்தியாவுக்குப் பொருத்தமாகத் தெரிவது மூன்றாவது, ஸ்டோகாஸ்டிக் சிமுலேஷன், அதாவது தற்செயல் எண்களை வைத்து அதிர்வைக் கணினியில் செய்வது. ஹாங்க்ஸும் மெக்குவயரும் 1981இல் போட்ட அடித்தளத்தின்மேல் பூர் 1983இல் கட்டியது. வேலை எளிது: கணினியில் ஒயிட் நாய்ஸை (எல்லா அதிர்வெண்ணும் சமமாகக் கலந்த இரைச்சலை) உருவாக்கி, அதிர்வு ஏறி இறங்குகிற காலத்துக்கு ஏற்ற உறையைப் போர்த்தி, அதிர்வெண் வாரியாகப் பிரிக்கும் ஃபூரியர் களத்துக்குக் கொண்டுபோய், மூலம், பாதை, தளம் என்ற மூன்றின் நிறமாலையால் பெருக்கித் திருப்பி எடுத்தால் ஒரு முடுக்க வரைபடம் கையில். ராண்டம் எண்ணை மாற்றினால் இன்னொன்று. பெரிய அதிர்வின் பதிவு இல்லாவிட்டாலும், உள்ளூர்ச் சிறு அதிர்வுகளிலிருந்து அலை தேய்வதை அளந்து உள்ளே கொடுக்க முடியும் என்பதுதான் இதன் பலம். ரகுகாந்தும் அய்யங்காரும் 2007இல் தீபகற்ப இந்தியாவுக்கென்று ஒரு சமன்பாடு கொடுத்தார்களே, அது இப்படிச் சிமுலேட் செய்த தரவின்மேல் எழுந்ததுதான்.

பலவீனமும் பெரியது. ஸ்ட்ரெஸ் டிராப் (பிளவு நழுவும்போது பாறையில் இறங்கும் அழுத்தம்) என்ற ஒரே எண்ணை 100 பாரிலிருந்து 300 பாருக்கு ஏற்றினால் உயர் அதிர்வெண் வீச்சு ஏறக்குறைய இரு மடங்காகிவிடும், அந்த எண்ணோ யாருக்கும் உறுதியாகத் தெரியாதது. ஆகவே ஒரே மதிப்பை வைத்து அறிக்கை எழுதுகிறவரைக் கேள்வி கேளுங்கள். அப்புறம், பி அலை, எஸ் அலை, மேற்பரப்பு அலை என்று இதற்கு வேறுபாடு தெரியாது. பிளவுக்கு அருகில் வரும் நீண்ட ஒற்றை உதையும் இதில் வராது.

அந்த உதை வேண்டுமென்றால் நான்காவது வழியான இயற்பியல் சிமுலேஷன்தான். லாஸ் ஏஞ்சல்ஸுக்கு சைபர்ஷேக் என்ற கணினித் திட்டம் செய்வது இதை: பிளவு கிழிவதில் தொடங்கி முப்பரிமாண நிலத்தில் அலையை ஓடவிடுவது. அருமையான வேலை, ஆனால் அதிர்வெண்ணை இரட்டித்தால் கணக்கீடு 16 மடங்கு ஏறும், அதோடு நிலத்தடியின் முப்பரிமாண வரைபடம் நல்ல தரத்தில் வேண்டும். கங்கைச் சமவெளி மாதிரி ஆழமான வண்டல் படுகைக்கு இதற்காகச் செலவழிப்பது நியாயம். 1985 அதிர்வில் மெக்சிகோ நகரம் அதிர்வு மையத்திலிருந்து 350 கி.மீ.க்கும் அப்பால் இருந்தும், பழைய ஏரிப்படுகைக் களிமண் 2 விநாடி அலைவுநேரத்தில் பாறையைவிடப் பல மடங்கு ஆடியது. அந்த மாதிரி இடத்தில் வெறும் ஸ்டோகாஸ்டிக் போதாது.

சரி, சென்னைக்கு? இந்திய நில அதிர்வு விதிநூலின் 2002 திருத்தத்தில் மண்டலம் 2இலிருந்து ஆபத்து கூடிய 3க்கு வந்த ஊர். ஸ்டோகாஸ்டிக்கை எடுங்கள், ஸ்ட்ரெஸ் டிராப்புக்கு இரண்டு மூன்று மதிப்பு வைத்து, ஒவ்வொன்றுக்கும் பல ராண்டம் ஓட்டம் ஓட்டிச் சிதறலையும் எழுதுங்கள். கிடைப்பது பாறை மட்டத்து எண். அதை அப்படியே அடையாற்று வண்டலுக்குப் போடாமல், துளையிட்டு அளந்த மண் அடுக்குகளைச் சேர்த்து மறுபடி ஒரு கணக்குப் போடுங்கள்.