மோரிஸ் மைனருக்கு எந்த பிரேக் ஆயில்: டாட் 4-ஆ, சிலிக்கானா?

மோரிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் காரில், ஆயில் அழுத்தத்தால் பிரேக்கைப் பிடிக்க வைக்கும் ஆறு வீல் சிலிண்டர்களுக்கும் (முன்சக்கரத்துக்கு இரண்டிரண்டு, பின்சக்கரத்துக்கு ஒவ்வொன்று) புது ரப்பர் போட்டு, பைப்பையும் ஹோஸையும் மாற்றியாயிற்று என்றால், அடுத்து எந்த ஆயிலை ஊற்றுவது என்று முடிவு செய்யவேண்டும். எல்லாக் கடையிலும் கிடைக்கும் டாட் 4 ஒன்று (டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு). சிலிக்கானால் ஆன டாட் 5 இன்னொன்று. என் வண்டியில் இருப்பது டாட் 4. கேட்பவர்களுக்கும் அதைத்தான் சொல்வேன்.

கொதிநிலையைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். புது டாட் 4-க்குக் குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியஸ், டாட் 5-க்கு 260. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள இந்தச் சின்ன வண்டியில் அந்த வித்தியாசம் தெரியப்போவதில்லை. டாட் 4 பட்டால் பெயிண்ட் உரியும், சிலிக்கான் பட்டால் ஒன்றும் ஆகாது என்பதும் உண்மை. ஆனால் மைனரின் மாஸ்டர் சிலிண்டர் (ஆயில் ஊற்றும் இடம், பெடலை மிதித்தால் வீல் சிலிண்டர்களுக்கு ஆயிலைத் தள்ளுவது) டிரைவர் காலடியில், தரைக்குக் கீழே சேஸிஸ் சட்டத்துக்குள் இருக்கிறது. ஊற்றும்போது சிந்தினாலும் பானட் பக்கம் போகாது.

முடிவு செய்வது தண்ணீர்தான். டாட் 4 காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அதன் கொதிநிலை 155 டிகிரி வரை இறங்கலாம். ஆனால் அந்தத் தண்ணீர் ஆயில் முழுக்கக் கலந்திருப்பதால், பழைய ஆயிலை வெளியேற்றும்போது அதுவும் சேர்ந்து போய்விடும். சிலிக்கான் ஈரத்தை இழுக்காது. அதற்காகத் தண்ணீர் உள்ளே வராது என்று இல்லை. மாஸ்டர் சிலிண்டர் மூடியின் காற்றுத்துளை கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கிறது. மழையில் தரை நனைகிற வண்டிகளில் அந்த இடம் எப்போதும் ஈரம்தான். உள்ளே போன துளி சிலிக்கானை விடக் கனம் என்பதால் கீழே இறங்கி, வீல் சிலிண்டரின் அடிப்பக்கத்தில் தேங்கும். அங்கே வார்ப்பிரும்பில் துரு குழி விழும். ரப்பர் கப்பின் விளிம்பு அந்தக் குழியில் உரசிக் கிழியும். ஆயில் கசிந்து, டிரம்மில் உரசும் லைனிங் நனைந்தால், பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

வீல் சிலிண்டர் கெட்டால் ஒரு மாலை வேலை. மாஸ்டர் சிலிண்டர் அப்படியில்லை. அதன் நீள போல்ட்டுகளை உருவ முடியாமல் முன் சஸ்பென்ஷனுக்கு ஸ்பிரிங்காக இருக்கும் டார்ஷன் பார் என்ற கம்பி குறுக்கே நிற்கும். பாரின் இறுக்கத்தை விடுவித்து நகர்த்தினால்தான் வழி கிடைக்கும். திரும்ப மாட்டும்போது போல்ட்டுகளை எதிர்ப்பக்கத்திலிருந்து நுழைத்துவிடுங்கள், அடுத்த தடவை பாரைத் தொடவேண்டியிருக்காது.

டாட் 4 கேட்கும் பராமரிப்பு இவ்வளவே: கடலோர ஊர்களில் வருடம் ஒருமுறை, உள்நாட்டில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு லிட்டர் வாங்கி முழுதாக மாற்றுவது. திறந்து வைத்த பழைய டப்பாவை எடுத்து ஊற்றாதீர்கள். முதலில் லைனிங் ஒட்டிய ஷூக்களை அட்ஜஸ்டரில் சக்கரம் சுற்றாத அளவுக்கு இறுக்குங்கள். பிறகு இடது பின், வலது பின், இடது முன், வலது முன் என்ற வரிசையில் காற்று எடுங்கள் (பெடலை மிதித்து, பைப்பில் சிக்கிய காற்றை ஆயிலோடு வெளியேற்றுவது). பெடலுக்கு அடியில் மரக்கட்டை வையுங்கள். பெடல் தரைவரை போனால், பழைய சிலிண்டரில் எப்போதும் தொடாத துருப் பகுதிக்குள் ரப்பர் புகுந்து கிழிந்துவிடும். முடிந்ததும் அட்ஜஸ்டரைச் சக்கரம் தடையில்லாமல் சுற்றும்வரை தளர்த்துங்கள். எந்த ரப்பரையும் மண்ணெண்ணெயில் கழுவாதீர்கள், ஊதிப் போகும். ஸ்பிரிட் போதும்.

வருடத்தில் பெரும்பகுதி உலர்ந்த ஷெட்டில் நிற்கும், கண்காட்சிக்கு மட்டும் போகும் வண்டிக்கு சிலிக்கான் ஒத்துவரலாம். எல்லா ரப்பரும் புதிது, பைப்பில் பழைய ஆயில் சொட்டுக்கூட இல்லை என்றால் மட்டும். டப்பாவைக் குலுக்காமல் மெதுவாக ஊற்ற வேண்டும். நுரைத்தால் காற்றுக்குமிழ் லேசில் வெளியே வராது. ஒரு ராத்திரி விட்டு மறுபடி காற்று எடுத்த பிறகும் பெடல் கொஞ்சம் மெத்தென்றே இருக்கும். மைனரின் பிரேக் லைட் சுவிட்ச் ஆயில் அழுத்தத்தில் இயங்குவது. சிலிக்கானில் அது சீக்கிரம் கெடுகிறது என்று பலர் சொல்கிறார்கள், அதனால் அடிக்கடி விளக்கைச் சோதியுங்கள். நெடுங்காலம் சிலிக்கானில் நின்ற சிலிண்டரை நான் பிரித்துப் பார்த்ததில்லை, அதனால் இதற்கு மேல் அடித்துச் சொல்லமாட்டேன்.

டாட் 5.1 என்று இன்னொன்றும் விற்கிறது. அது சிலிக்கான் அல்ல, டாட் 4 வகையறா. டாட் 4 இருக்கும் வண்டியில் அதை ஊற்றலாம். டாட் 5 இருக்கும் வண்டியில் கூடாது. எதை ஊற்றியிருக்கிறீர்களோ அதன் பெயரை ஒரு தகட்டில் எழுதி மூடிக்குப் பக்கத்தில் கட்டிவிடுங்கள், வேறு மெக்கானிக் கைவைத்தாலும் குழப்பம் வராது.