மாமாவின் முழங்காலும் ஒரு வக்கீலும்

ஹூஸ்டனில் நெடுஞ்சாலையில் ஏறினால் போதும், 'விபத்தா? எங்களைக் கூப்பிடுங்கள்' என்று வக்கீல்கள் பெரிய பெரிய பலகைகளில் கைகட்டிச் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். ஜெயித்தால்தான் கட்டணம், அதுவும் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு என்பது அங்கே சாதாரணம். இதைப் பார்த்துப் பழகிய கண்ணோடுதான் ஜூலையில் மதுரையில் வந்து இறங்கினேன்.

மாமா திருமங்கலத்தில் தையல்காரர். வயது 54. பிப்ரவரியில் விருதுநகரில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டு டி.வி.எஸ். எக்ஸெல்லில் திரும்பியபோது, நாலு வழிச் சாலையில் பின்னால் வந்த கார் தட்டிவிட்டது. இடது முழங்கால் நொறுங்கித் தகடு வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாளே ஒரு புரோக்கர் கட்டிலருகே வந்து, "அஞ்சாறு பேப்பர்ல கையெழுத்து மட்டும் போடுங்க, பத்து லட்சம் நிச்சயம்" என்றிருக்கிறார். பேப்பரில் ஒன்றும் எழுதியிருக்கவில்லையாம். அத்தை, "அமெரிக்கால இருந்து எங்க பிள்ளை வரட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்தப் பிள்ளை நான்தான். நான் வந்து சேர ஐந்து மாதம் ஆகிவிட்டது.

இங்கே வக்கீல்கள் விளம்பரம் செய்யக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி. ஆகவே பலகை பார்த்துப் பிடிக்க முடியாது, தெரிந்தவர் வழியாகத்தான் போகவேண்டும். கூடப் படித்த நண்பன் ஒருவரைச் சொன்னான். கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில் ஆபீஸ். நாற்காலி மேலெல்லாம் கேஸ் கட்டுகள். குமாஸ்தா இரண்டு கட்டுகளைத் தரையில் இறக்கிவைத்து மாமாவுக்கு இடம் செய்துகொடுத்தார்.

வக்கீல் முதலில் கேட்டது தேதியை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் கொண்டுவந்த திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போடவேண்டும். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இந்தக் கெடுவை எதிர்த்து வழக்கெல்லாம் போட்டிருக்காங்க சார். நமக்கு எதுக்கு அந்த வம்பு? தேதிக்குள்ள போட்டுருவோம்" என்றார். விபத்து விருதுநகர் பக்கம் என்றாலும், மனுதாரர் குடியிருக்கும் ஊரை வைத்து மதுரையிலேயே போடலாம் என்றும் சொன்னார். இந்தக் காலோடு ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏறவேண்டுமே என்ற கவலை மாமாவுக்கு அதோடு போயிற்று.

அப்புறம் காகிதங்கள். எஃப்.ஐ.ஆர்., டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் அத்தை ஜவுளிக்கடைப் பையில் போட்டு வைத்திருந்தார். வக்கீல் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து ஏ.ஆர். காப்பியில் நின்றுவிட்டார். விபத்தில் அடிபட்டவரைச் சேர்க்கும்போது ஆஸ்பத்திரியில் டாக்டர் எழுதும் பதிவு அது. அதில் 'வாகனத்தில் இருந்து தானாகத் தவறி விழுந்ததில்' என்று ஒரு வரி. மாமா அப்போது பாதி மயக்கத்தில் இருந்தார். கூட வந்தவர் யாரோ வாய்க்கு வந்ததைச் சொல்ல, டாக்டர் அதை எழுதிக்கொண்டார். காரைப் பற்றிய எஃப்.ஐ.ஆர். இரண்டு நாள் கழித்துத்தான் பதிவானது. "இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் இந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டே தொங்குவார்" என்றார். நான் அந்தத் தாளை நாலு தடவை படித்திருந்தேன். ஒன்றும் கண்ணில் படவில்லை.

அதற்கு மாற்றாக என்ன இருக்கிறது என்று அவரே தேடினார். மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையில், காரின் முன்பக்க இடது மூலையில் நசுங்கல் என்று இருந்தது. வண்டி எண்ணைக் குறித்துக்கொடுத்த டீக்கடைக்காரர், சாட்சி சொல்ல வருவதாகச் சொன்னார். கிரிமினல் வழக்கைப் போல இங்கே நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லையாம். எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றுதான் இந்த மனுக்களை விசாரிக்கும் தீர்ப்பாயம் பார்க்கும்.

திடீரென்று மாமாவைப் பார்த்து, "அண்ணே, மிஷின் கால் மிஷினா, மோட்டாரா?" என்றார்.

"கால் மிஷின்தான் சார்."

"ரெண்டு காலாலயும் மிதிப்பீங்களா?"

மாமா உட்கார்ந்த இடத்திலேயே வலது காலை மட்டும் மேலும் கீழும் ஆட்டிக் காட்டினார். இடது கால் நீட்டியபடியே கிடந்தது. முட்டி மடங்கவில்லை. வக்கீல் எழுதிக்கொண்டார்.

எதற்கு அந்தக் கேள்வி என்பது பிறகுதான் புரிந்தது. டாக்டர்கள் காலுக்கு 35 சதவீத ஊனம் என்று சான்று கொடுக்கலாம். ஆனால் பிழைப்பு எத்தனை சதவீதம் போயிற்று என்பது வேறு கணக்கு. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இல் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மேசையில் உட்கார்ந்து எழுதுபவருக்குக் கால் போவதும் தையல்காரருக்குப் போவதும் ஒன்றல்ல.

ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். மாத வருமானம் 12,000 என்று வைத்துக்கொண்டு, எதிர்கால வருமான உயர்வுக்கு 10 சதவீதம் சேர்த்தால் 13,200. பன்னிரண்டு மாதத்தால் பெருக்கி, 51 முதல் 55 வயது வரை உள்ளவர்களுக்கு நீதிமன்றங்கள் வைத்திருக்கும் பெருக்கெண் 11ஆல் பெருக்கினால் 17,42,400. அதில் 35 சதவீதம் 6,09,840. பிழைப்பில் 60 சதவீதம் போயிற்று என்று நிரூபித்தால் 10,45,440. ஒரு கேள்விக்கு நாலு லட்சத்துக்கு மேல் வித்தியாசம். ஆஸ்பத்திரிச் செலவும், வலிக்கும் வேதனைக்குமான தொகையும் தனி. புரோக்கர் சொன்ன பத்து லட்சமும் இதுவும் ஏறக்குறைய ஒன்றுதானே என்று கேட்டேன். "அவர் நிச்சயம்னார். நான் நிரூபிச்சாத்தான்னு சொல்றேன்" என்றார்.

கட்டணம் பற்றி நானே பேச்செடுத்தேன், எத்தனை பர்சென்ட் என்று. சிரித்தார். கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவது இங்கே விதிப்படி தவறு. நடைமுறையில் பேசுபவர்கள் இல்லாமல் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். இவர் ஒரு தொகை சொன்னார், மூன்று தவணையில் தரலாம் என்றார். மாமாவின் பாஸ்புக் நகலையும் வாங்கி வைத்துக்கொண்டார், பணம் அந்தக் கணக்குக்கே வரவேண்டும் என்று. எழுதாத காசோலையில் கையெழுத்துப் போட்டு யாரிடமும் கொடுக்காதீர்கள், என்னிடமும்தான் என்று அத்தையைப் பார்த்துச் சொன்னார். அத்தைக்கு அவரைப் பிடித்துப்போனது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. போனை எடுக்கவே மாட்டார். காயச் சான்றிதழ் நகலுக்கு நாங்கள் ஆஸ்பத்திரிக்கு நாலு நடை நடந்தோம். குமாஸ்தாவிடம் முதலிலேயே கேட்டிருந்தால் ஒரு நடையில் முடிந்திருக்கும். எப்போது தீர்ப்பு வரும் என்று கேட்டால், "வரும் சார்" என்பதோடு சரி. லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், சமரசம் பேசினால் சீக்கிரம் முடியும், ஆனால் அங்கே ஒத்துக்கொண்ட தொகைக்கு மேல் அப்பீல் கிடையாது, அதனால் ஊனச் சான்று கைக்கு வரும்வரை அந்தப் பேச்சே வேண்டாம் என்றார்.

கெடுவுக்குப் பதினோரு நாள் இருக்கும்போது மனு தாக்கலானது. எம்.சி.ஓ.பி. எண், அதாவது மனுவுக்கான வழக்கு எண், விழுந்ததும் குமாஸ்தா வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அடுத்த வாய்தா என்றைக்கு என்று ஈ-கோர்ட்ஸ் செயலியில் ஹூஸ்டனில் இருந்தபடியே பார்த்துக்கொள்கிறேன்.

கிளம்புவதற்கு முன் மாமாவுக்கு ஒரு மோட்டார் மிஷின் வாங்கித் தரலாமா, கேஸ் கெட்டுவிடுமா என்று வக்கீலிடம் கேட்டேன். "தாராளமா வாங்குங்க. பில்லு மட்டும் அண்ணன் பேர்ல இருக்கட்டும்" என்றார். வாங்கியாயிற்று. பில் ஜவுளிக்கடைப் பையில் இருக்கிறது.