பள்ளிக்கரணை பறவை நடை: வார இறுதி வழிகாட்டி எப்படி?

வார இறுதியில் பறவை பார்க்க ஆட்களைக் கூட்டிப்போகும் வேலையை நானும் தொடங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதனால், ஏற்கெனவே அதைச் செய்துவரும் ஒருவரிடம் பணம் கட்டிப் போனேன். வாரநாட்களில் வங்கி வேலை பார்ப்பவர்.

விடிந்ததும் சென்னை பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டிய துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலையோரம் நின்றோம். அவருடைய பலம் காதுதான். நாணலுக்குள் கத்துவது நீலத் தாழைக்கோழி என்று சொல்லிவிட்டு, அது வெளியே வரும்வரை எங்களை அசையவிடவில்லை. பூநாரைகளின் கிட்டே போய்ப் படமெடுக்க ஒருவர் வற்புறுத்தினார். "வேண்டாம் சார், மேயறது கெட்டுப்போகும்" என்று மறுத்துவிட்டார். அந்த மறுப்புக்கே கட்டணம் தகும். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த சதுப்புநிலத்தையும், அதை ஒட்டிய பெருங்குடி குப்பைமேட்டையும் சேர்த்தே காட்டினார்.

குறை என்றால், அத்தனை பேருக்கும் இரண்டே பைனாகுலர். பின்னால் நின்ற பிள்ளைகளுக்கு முறை வரவேயில்லை. கழிவறை வசதி இல்லை என்பதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், பெண்கள் தவித்துப்போனார்கள்.

சரி, நான் தொடங்குவேனா? தொடங்குவேன். நவம்பர் முதல் மார்ச் வரை மட்டும், ஒரு நடைக்கு ஆறு பேர், ஆளுக்கொரு பைனாகுலர். பழைய பைனாகுலர்களை விசாரிக்க ஆரம்பித்துவிட்டேன்.