பழைய 350-க்கு எந்த ஹெட்? டபுள் ஹம்ப், வோர்டெக், அலுமினியம்

1975 செவர்லே கார்வெட்டில் வந்த சாதாரண 350 என்ஜின் (350 கன அங்குல வி8) கொடுத்தது 165 குதிரைத்திறன். அதே 4 அங்குல போர் (சிலிண்டர் விட்டம்), அதே 3.48 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) உள்ள 350, 1996-ல் செவர்லே பிக்கப்பில் 255 கொடுத்தது. இடையில் ஃப்யூல் இன்ஜெக்ஷனும் ரோலர் கேமும் (கேம் என்பது வால்வுகளைத் திறக்கும் தண்டு) வந்துவிட்டன, சரி. ஆனாலும் இந்த வித்தியாசத்தில் பெரிய பங்கு வோர்டெக் என்ற சிலிண்டர் ஹெட்டுக்கு, அதாவது வால்வுகளைத் தாங்கி சிலிண்டர்களை மேலே மூடும் பகுதிக்கு, உண்டு. 1955-ல் தொடங்கிய இந்த ஸ்மால் பிளாக் என்ற என்ஜின் வரிசையில் ஹெட் போல்ட்டுகளின் இடம் மாறவே இல்லை. பக்கத்துக்கு 17 போல்ட், தண்ணீர் வழிகளும் ஒத்துப்போகும். அதனால் 1996 ஹெட்டை 1975 பிளாக்கில் தாராளமாக உட்கார வைக்கலாம். 1992-ல் வந்த எல்டி1, 1997-ல் வந்த எல்எஸ்1 என்ற இரண்டு செவர்லே என்ஜின்களையும் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். முதலாவதில் கூலன்ட் ஹெட்டுக்கு முதலில் போய்ப் பிறகு பிளாக்குக்கு இறங்குகிறது. இரண்டாவது வேறு வம்சமே.

எழுபதுகளின் 350-களில் பெரும்பாலும் இருப்பது 882 என்று முடியும் வார்ப்பு எண் கொண்ட ஹெட். எரிஅறை 76 சிசி, காற்றோட்டம் மந்தம், விரிசல் விடுவதிலும் பெயர் பெற்றது. இதற்குச் செலவு செய்து வேலை பார்ப்பதில் அர்த்தமில்லை. கழற்றினால் மாற்றிவிட வேண்டியதுதான்.

மாற்று என்றதும் பழைய ஆட்கள் முதலில் சொல்வது அறுபதுகளின் டபுள் ஹம்ப் ஹெட். ஓரத்தில் ஒட்டகத் திமில் மாதிரி இரண்டு மேடு வார்ப்பிலேயே இருக்கும், தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். எரிஅறை 64 சிசி, அந்தக் காலத்துக்கு அருமையான ஹெட். ஆனால் இன்று அதன் மதிப்பில் பாதி ஏக்கம்தான். ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்தது என்பதால் எக்ஸாஸ்ட் வால்வு சீட் கெட்டிப்படுத்தப்பட்டிருக்காது. புது சீட் இறக்க வேண்டும். 1969-க்கு முந்தையவற்றில் ஆல்டர்னேட்டர் பிராக்கெட் மாட்ட முன்பக்கத் துளைகளும் இல்லை. அறுபதுகளின் காரை அசல் தோற்றத்தில் மீட்பவருக்கு இது சரி. வேகம் வேண்டும் என்பவருக்கு, அதே காசில் வேறு நல்ல வழி இருக்கிறது.

வோர்டெக்கை அடையாளம் காண வால்வு கவரைக் கழற்றி 906 அல்லது 062 என்று முடியும் எண்ணைப் பாருங்கள். இதுவும் 64 சிசிதான், வால்வும் 1.94, 1.50 அங்குலம் என்று சாதாரண அளவுதான். வித்தை முழுக்க போர்ட்டின் (வால்வுக்குப் போகும் காற்று வழியின்) வடிவத்திலும் எரிஅறையின் வடிவத்திலும் இருக்கிறது. கலவை சீக்கிரம் எரிந்துவிடுவதால் பழைய ஹெட்டுக்கு 36 டிகிரி வரை கேட்கும் இக்னிஷன் அட்வான்ஸ் (பிஸ்டன் உச்சிக்கு வருமுன் பொறி விடும் அளவு) இதில் 32, 34-லேயே போதும். 76 சிசியிலிருந்து 64-க்கு வரும்போது, பிஸ்டனைத் தொடாமலேயே, 8.5 கம்ப்ரஷன் விகிதம் ஏறக்குறைய 9.5 ஆகிவிடும்.

இதுவரை இனிப்பு. அப்புறம்தான் பில் வரும். ஹெட்டுக்குக் கலவையைக் கொண்டுவரும் பழைய இன்டேக் மேனிஃபோல்டுக்கு 12 போல்ட், வோர்டெக்குக்கு 8. போர்ட்டின் உயரமும் வேறு. பழையதைத் துளைபோட்டு மாட்டுகிறவர்கள் உண்டு, எனக்கு அதில் நம்பிக்கையில்லை. எடல்பிராக் போன்றவர்கள் கார்புரேட்டருக்கென்றே வோர்டெக் மேனிஃபோல்ட் விற்கிறார்கள், அதை வாங்கிவிடுங்கள். எக்ஸாஸ்ட் சூட்டை மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோகும் வழி இந்த ஹெட்டில் இல்லை என்பதால், அந்தச் சூட்டை நம்பிய சோக் வேலை செய்யாது. எலக்ட்ரிக் சோக் வேண்டும். வால்வு கவர் நடுவில் போல்ட் போடும் வகை, ஆகவே பழைய கவரும் போச்சு. வால்வை அழுத்தும் நெம்புகோலான ராக்கரும் அப்படியே: வால்வு நுனியில் தானே நேராக நிற்கும் வகைதான் இதற்கு. பழைய ராக்கரை அப்படியே போட்டால் அது வால்விலிருந்து பக்கவாட்டில் நழுவும்.

இவற்றையெல்லாம்விட முக்கியம் வால்வு லிஃப்ட், அதாவது வால்வு திறக்கும் உயரம். ஹெட் வந்த நிலையில் 0.46 அங்குலத்தை ஒட்டியே நிறுத்திக்கொள்ள வேண்டும். அதைத் தாண்டும் கேமைப் போட்டால் ஸ்பிரிங் ரிட்டெய்னர் இறங்கி வால்வு சீலில் இடிக்கும். கைடை வெட்டி, ஸ்பிரிங்கை மாற்றினால் தாண்டலாம். அழுத்தி இறக்கிய ராக்கர் ஸ்டட்களும் பலமான ஸ்பிரிங்கைத் தாங்காது. திருகு ஸ்டட் போட வேண்டிவரும். ஆக மெஷின் ஷாப் கூலி கூடிக்கொண்டே போகும். அதோடு இப்போது கிடைக்கும் பழைய ஜோடிகளில் பெரும்பாலானவை நிறைய ஓடிய டிரக்குகளின் மிச்சம். இரண்டு வால்வு சீட்டுக்கும் நடுவே விரிசல் இவற்றின் பிறவிக் குறை. சோதித்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

இங்கேதான் புது அலுமினிய ஹெட் உள்ளே வருகிறது. எடை இரும்பில் ஏறக்குறைய பாதி. சூட்டைச் சீக்கிரம் கடத்துவதால் கொஞ்சம் கூடுதல் கம்ப்ரஷனையும் தட்டல் இல்லாமல் தாங்கும். பலவற்றில் பழைய 12 போல்ட் மேனிஃபோல்டே உட்காரும், இரண்டு வகை வால்வு கவருக்கும் துளை இருக்கும். திருகு ஸ்டட்டும், புஷ்ராடை (கேமின் அசைவை ராக்கருக்குக் கொண்டுபோகும் தண்டை) நேராகப் பிடிக்கும் கைடு பிளேட்டும் ஏற்கெனவே வந்துவிடும். கெட்டிப்படுத்திய புஷ்ராடு மட்டும் தனியாக வாங்க வேண்டும். ஹெட்டின் விலையை மட்டும் பார்த்தால் இது வோர்டெக்கைவிட மிக அதிகம். மேனிஃபோல்ட், ராக்கர், ஸ்பிரிங், கூலி எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டுங்கள், இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடும்.

என் கணக்கு கேமிலிருந்துதான் தொடங்கும். சாலையில் ஓட்ட மிதமான கேம், கைவசம் விரிசலில்லாத வோர்டெக் ஜோடி என்றால் வேறு யோசனையே வேண்டாம், அதைப் போடுங்கள். ஜெனரல் மோட்டார்ஸே இந்த ஹெட்டோடு 330 குதிரைத்திறன் உள்ள ரெடிமேட் 350-ஐ விற்றது. 0.5 அங்குல லிஃப்ட் கேம் என்று முடிவாகிவிட்டால் வோர்டெக்கை வெட்டிக்கொண்டிருக்காமல் நேராக அலுமினியத்துக்குப் போய்விடுவது மேல்.

உங்களிடம் இருப்பது 350 இல்லை, 400 ஸ்மால் பிளாக் என்றால் இன்னொரு வேலை பாக்கி. அதில் சிலிண்டர்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். நடுவில் தேங்கும் நீராவி மேலே போக சிறு துளைகள் வேண்டும். வோர்டெக்கில் அவை கிடையாது. 400-க்கான கேஸ்கெட்டை ஹெட்டின் மேல் வைத்துக் குறித்து, துளைத்த பிறகே மாட்டுங்கள்.