குவியேவின் ஓணானும் இலவச நூலகமும்: பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி இணையச் சேவை பற்றிய மதிப்பீடு

புதுச்சேரியின் பெயரைத் தாங்கிய ஓணான் ஒன்று உண்டு. சித்தானா பாண்டிசெரியானா என்பது அதன் அறிவியல் பெயர். பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே 1829ஆம் ஆண்டு வெளிவந்த தமது 'விலங்குலகம்' நூலின் இரண்டாம் பதிப்பில் அதற்கு அப்பெயரைச் சூட்டினார். கோடைக் காலையில் பொட்டல் நிலத்துக் கல்லின் மேல் ஏறி நின்று, தொண்டைக்குக் கீழே மடிந்து கிடக்கும் தோலை விசிறிபோல் விரித்துச் சுருக்கும் இந்தச் சிறிய ஓணானைக் கடலோர ஊர்க்காரர்கள் பலரும் பார்த்திருப்பார்கள். அந்த மூல விவரணையை என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே, ஒரு காசு செலவில்லாமல் படிக்கவைத்த பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி என்னும் இணைய நூலகத்தைப் பற்றியதே இந்த மதிப்பீடு. கல்லூரியில் விலங்கியல் நடத்துபவன் என்ற முறையிலும், விடுமுறை நாட்களில் ஓணான்களின் பின்னால் அலைபவன் என்ற முறையிலும் பல ஆண்டுகளாக இதைப் பயன்படுத்தி வருகிறேன்.

ஒரு சிற்றினத்தைப் புதியது என்று அறிவிக்க விரும்புகிறவருக்கு இத்தகைய நூலகம் ஏன் தேவைப்படுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். விலங்குகளின் பெயர்களில் முந்தியதற்கே உரிமை. சுவீடன் இயற்கையியலாளர் லின்னேயஸின் உயிரினப் பட்டியல் நூல் பத்தாம் பதிப்பாக வெளிவந்த 1758ஆம் ஆண்டிலிருந்து அந்தக் கணக்கு தொடங்குகிறது. ஆகவே கையிலிருக்கும் விலங்குக்கு முந்நூறு பிரதிகள் மட்டுமே அச்சான ஏதோ ஒரு பழைய இதழில் யாரேனும் ஏற்கெனவே பெயர் வைத்திருந்தால், நாம் வைக்கும் பெயர் நிற்காது. மரபணு வரிசையை ஆய்வகத்தில் எடுத்துவிடலாம், செதில்களை உருப்பெருக்கியின் கீழ் எண்ணிவிடலாம். பழைய ஏடுகளைத் தேடிப் படிக்காமல் மட்டும் இந்தத் துறையில் ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியாது.

நான் ஆய்வு மாணவனாக இருந்த காலத்தில் அந்த ஏடுகளைப் பார்ப்பதற்கு ஒரு பெருநகர நூலகத்துக்கு இரவுப் பேருந்தில் போனேன். துறைத்தலைவரின் கடிதம் வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். கடிதத்தோடு மறுபடி போனபோது அலமாரிச் சாவி விடுப்பில் போனவரிடம் இருந்தது. மூன்றாம் முறை ஏடு கைக்கு வந்தது, ஆனால் எனக்கு வேண்டிய படத்தாளை யாரோ பிளேடால் அறுத்து எடுத்துச் சென்றிருந்தார்கள். இந்தச் சேவையை எடைபோடும்போது அந்த மூன்று பயணங்களும் தராசின் மறுதட்டில் இருக்கின்றன என்பதை வாசகர் கருத்தில் கொள்ள வேண்டும்.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் உள்ள இயற்கை வரலாற்று நூலகங்கள் சில ஒன்றுசேர்ந்து 2006இல் தொடங்கிய கூட்டுமுயற்சி இது. ஸ்மித்சோனியன் நூலகங்களும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் அவற்றுள் அடக்கம். இன்று 6 கோடிக்கும் மேற்பட்ட பக்கங்கள் இதில் இருக்கின்றன. கட்டணம் இல்லை, பக்கங்களைப் படிக்கக் கணக்குத் தொடங்க வேண்டியதும் இல்லை.

இதன் பெரும் பலம் பெயர்த் தேடல். அறிவியல் பெயர் ஒன்றைத் தட்டினால், அந்தப் பெயர் எந்தெந்த நூலில் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்று ஒரு பட்டியல் வந்து நிற்கிறது. ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்தால், அதில் காணப்படும் மற்ற விலங்குப் பெயர்களும் ஓரத்தில் வரிசையாகத் தெரிகின்றன. ஒரு பெயரைத் தேடிப் போய், அதே பக்கத்தில் இருந்த வேறொரு பெயரைப் பிடித்துக்கொண்டு நள்ளிரவு வரை அலைந்த நாட்கள் எனக்கு உண்டு. வேண்டிய பக்கங்களை மட்டும் தேர்ந்து ஒரு பிடிஎஃப் கோப்பாக இறக்கிக்கொள்ளவும் முடியும் என்பதால், கைபேசித் தரவை நம்பியிருக்கும் மாணவர்கள் ஐந்நூறு பக்க நூலை முழுதாக இறக்கித் தவிக்க வேண்டியதில்லை.

குவியேவின் பக்கத்தை முதன்முறை திறந்தபோது எனக்கு ஏமாற்றமே ஏற்பட்டது. சில வரிகள், அவ்வளவுதான்: சிறிய உடல், மங்கிய பழுப்பு நிறம், முதுகின் நெடுகே சாய்சதுர வடிவில் பெரிய கரும்பழுப்புப் புள்ளிகளின் ஒரு வரிசை, பின்னங்காலில் நான்கே விரல்கள், ஆணுக்குப் பெரிய தொண்டைத் தோல். அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது, ஏனென்றால் இத்தகைய ஓணானில் அவர் அறிந்தது ஒன்றே ஒன்று. அந்தச் சில வரிகளை இரண்டாம் முறை படித்தபோதுதான், ஏறக்குறைய இருநூறு ஆண்டுக் குழப்பத்தின் வேர் எனக்குப் புரிந்தது. தீபகற்ப இந்தியா முழுவதிலும் உள்ள விசிறித் தொண்டை ஓணான் எதை எடுத்து வைத்தாலும் இந்த விவரணை ஏறத்தாழப் பொருந்திவிடுகிறது. அதனால் வந்தவர்களெல்லாம் கண்டதையெல்லாம் பாண்டிசெரியானா என்றே எழுதிவைத்தார்கள்.

அந்த முடிச்சு அவிழ்ந்தது 2016இல்தான். வி. தீபக் முதலாசிரியராக இருந்த ஆய்வுக்குழு, உடல் அளவைகளையும் மரபணுச் சான்றுகளையும் ஒருங்கே வைத்து ஒரு புதிய பேரினத்தையும் ஐந்து புதிய சிற்றினங்களையும் வெளியிட்டது. பேரினத்துக்கு மராத்தியில் ஓணானைக் குறிக்கும் சரடா என்ற சொல்லே பெயராயிற்று. தமிழகத்து ஓணான் ஒன்றுக்கு நம் பனையோலை விசிறியை நினைத்து சித்தானா விசிறி என்று பெயர் வைத்தார்கள். அதே ஆண்டில் வந்த மற்றொரு கட்டுரையில் தென் தமிழகத்து ஓணான் ஒன்று சித்தானா மருதம்நெய்தல் ஆயிற்று. வயலையும் கடற்கரையையும் குறிக்கும் திணைப் பெயர்கள் லத்தீன் பெயரமைப்புக்குள் போய் உட்கார்ந்ததைப் படித்த அன்று, வகுப்பில் பாடத்தை நிறுத்திவிட்டு அரைமணி நேரம் அதைப் பற்றியே பேசினேன். பாடத்திட்டம் அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை.

எனினும் இந்த நூலகத்தின் அருமையை எனக்கு முழுமையாக உணர்த்தியது புதிய பெயர்களைவிட ஒரு பழைய பெயர்தான். சென்னை இராணுவத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டன், 1870இல் வங்காள ஆசியக் கழகத்தின் நடவடிக்கைக் குறிப்பில் சித்தானா டெக்கானென்சிஸ் என்று ஒரு தக்காண ஓணானைப் பதிந்து வைத்திருந்தார். பின்வந்தவர்கள் அதைத் தனிச் சிற்றினமாக மதிக்காததால் அந்தப் பெயர் நெடுங்காலம் உறங்கிக் கிடந்தது. 2016ஆம் ஆண்டு ஆய்வு அதைத் தட்டி எழுப்பி, சரடா டெக்கானென்சிஸ் என்று மீண்டும் வழக்குக்குக் கொண்டுவந்தது. ஜெர்டனின் ஏடு கண்ணில் படாமல் போயிருந்தால் அந்த ஓணானுக்கும் புதுப்பெயர் ஒன்று வைக்கப்பட்டு, பிறகு யாரோ ஒருவர் அதை அடித்துத் திருத்த வேண்டி வந்திருக்கும்.

குறைகளும் உண்டு. பழைய அச்சை எழுத்துணரி மென்பொருள் படிப்பதால் பிழைகள் தவிர்க்க முடியாதவை. குறிப்பாகப் பதினெட்டாம் நூற்றாண்டு நூல்களில் எஸ் என்னும் எழுத்தின் நீண்ட வடிவம் எஃப் போலத் தோன்றுவதால், கண்முன் இருக்கும் சொல்லே தேடலில் சிக்காமல் போகலாம். ஊர்ப்பெயர்கள் இன்னொரு சோதனை. திருநெல்வேலி என்று தேடினால் பயனில்லை. தின்னவேலி என்று ஆங்கிலேயர் எழுதிய எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும். பழனி மலை புல்னியாகவும் ஆனைமலை அனமல்லேயாகவும் ஒளிந்துகொண்டிருக்கும். இப்படிப்பட்ட மாற்று எழுத்துக்கூட்டல்களை ஒரு குறிப்பேட்டில் நீங்களே சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது. தமிழில் இடைமுகம் இல்லை என்பதும் முதலாண்டு மாணவரை மலைக்கவைக்கும்.

காப்புரிமை காலாவதியான பழைய நூல்களே இதில் மிகுதி. பிற்காலத்து வெளியீடுகள் உரிமையாளர் அனுமதி தந்த அளவுக்கே கிடைக்கும். இதற்கு நூலகத்தைக் குறை சொல்வதில் நியாயமில்லை. ஆனாலும் குவியேவின் 1829ஆம் ஆண்டுப் பக்கம் இலவசமாகக் கிடைக்க, பக்கத்து மாவட்டத்து ஓணானைப் பற்றிச் சென்ற ஆண்டு வந்த கட்டுரைக்குப் பல சமயம் பணம் கட்ட வேண்டியிருப்பது, சிறிய கல்லூரிகளில் இருந்துகொண்டு இந்தத் துறையில் உழைப்பவர்களைச் சலிக்கவைக்கிறது.

ஐந்துக்கு நான்கரை கொடுக்கிறேன். அரை மதிப்பெண்ணை எழுத்துணரிக்காகப் பிடித்துக்கொண்டேன். கடந்த கோடையில் குவியேவின் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு மாணவர்கள் ஆறு பேருடன் கடற்கரையை ஒட்டிய முட்புதர் நிலத்துக்குப் போயிருந்தேன். ஒரு மாணவி ஓணான் ஒன்றை மெல்லப் பிடித்துப் பின்னங்கால் விரல்களை எண்ணினாள், நான்கு. முதுகைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, சாய்சதுரம் சரியா இருக்கு, ஆனா இது எந்த ஓணான்னு இந்தத் தாளை வெச்சு எப்படிச் சொல்றது?" என்று கேட்டாள். அளவுகோலை எடுத்து அவளிடம் நீட்டினேன். அளந்து குறித்துக்கொண்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிட்டோம்.